லீயின் உத்தரவு கையில் கிடைத்தும் மெக்லெலன் ஏன் உடனே பாயவில்லை?

கேள்வி கேட்டவர் எழுதியது இது: “அமெரிக்க உள்நாட்டுப் போரில் தெற்குத் தளபதி லீயின் ரகசிய உத்தரவு சுருட்டோடு சேர்த்து வடக்குப் படைக்குக் கிடைத்ததாமே, அது உண்மையா? கிடைத்தும் மெக்லெலன் 18 மணி நேரம் சும்மா இருந்தது ஏன்? ‘கிளம்பு’ என்று ஒரு வரி எழுதினால் படை கிளம்பிவிடாதா?” மூன்று கேள்விகள் போலத் தெரிந்தாலும், அடியில் இருப்பது ஒன்றுதான்: தலைமையகத்தில் மை காய்வதற்கும் கடைசிச் சிப்பாயின் கால் சாலையில் படுவதற்கும் இடையில் எவ்வளவு நேரம் ஆகும்? அது பிடிபட்டால்தான் வடக்குப் படைத் தளபதி மெக்லெலன் சோம்பேறியா, நியாயஸ்தரா என்ற பஞ்சாயத்தையே தொடங்க முடியும். அதனால் அங்கிருந்தே வருகிறேன். சுருட்டைக் கடைசியில் பார்க்கலாம்.

முதலில் அந்த உத்தரவு. சிறப்பு உத்தரவு எண் 191. தேதி 1862 செப்டம்பர் 9. இடம் மேரிலாண்டின் ஃபிரெடெரிக் ஊருக்கு வெளியே லீயின் முகாம். கையெழுத்திட்டவர் லீ அல்ல, அவருடைய துணைத் தலைமை நிர்வாக அதிகாரி சில்டன். அந்தக் காலத்தில் இதுதான் வழக்கம். தளபதி சொல்லுவார், நிர்வாக அதிகாரி வாசகமாக்கிக் கையெழுத்திடுவார். உத்தரவில் பத்துப் பத்திகள். முதல் இரண்டும் வீட்டு நிர்வாகம்: சிப்பாய்கள் ஊருக்குள் போவது பற்றியும் நோயாளிகளை வின்செஸ்டருக்கு அனுப்புவது பற்றியும். மூன்றாவதிலிருந்துதான் போர். லீ தன் படையைத் தன் கீழ்த் தளபதிகளிடையே துண்டு துண்டாகப் பிரிக்கிறார். ஜாக்சன் சுற்றிப் போய் பொட்டோமாக் ஆற்றைக் கடந்து, பால்டிமோர் ஒஹையோ ரயில் பாதையையும் மார்ட்டின்ஸ்பர்க்கையும் பிடித்து, வடக்குக் காவல்படை இருந்த ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியிலிருந்து தப்பி வருபவர்களை மறிக்க வேண்டும். மெக்லாஸ் மேரிலாண்ட் மேட்டையும் வாக்கர் லௌடன் மேட்டையும் பிடிக்க வேண்டும். லாங்ஸ்ட்ரீட் மூட்டை முடிச்சு வண்டிகளோடு பூன்ஸ்பரோவில் நிற்க வேண்டும். டி.எச். ஹில் பின்காவல். ஸ்டூவர்ட்டின் குதிரைப்படை எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டு, பின்தங்கியவர்களைக் கூட்டி வர வேண்டும். கடைசிப் பத்தி எனக்குப் பிடித்தது: ஒவ்வொரு ரெஜிமென்ட்டும் தன் கோடரிகளைத் தளவாட வண்டியிலேயே வைத்திருக்க வேண்டும், முகாமிட்ட இடத்தில் விறகு வெட்ட. இரண்டு மேடுகளை ஒரே நேரத்தில் பிடிக்கும் திட்டமும் விறகுக் கோடரியும் ஒரே தாளில்! அன்றைய உத்தரவுகளின் குணமே இதுதான். உத்தரவு என்றால் ஏதோ ஒரு முழக்கம் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. அது ஒரு கால அட்டவணை.

அந்த அட்டவணையில் திரும்பத் திரும்ப வரும் கெடு “வெள்ளிக்கிழமை காலை”, அதாவது செப்டம்பர் 12. இதை மனதில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

உத்தரவு தலைமையகத்திலிருந்து எப்படி இறங்குகிறது? படைத் தலைமையகம், அதன் கீழே கோர், டிவிஷன், பிரிகேடு, ரெஜிமென்ட், கம்பெனி. ஆறு படி. (தெற்கே அப்போது கோர் என்ற பெயர் சட்டப்படி வரவில்லை, லாங்ஸ்ட்ரீட்டின் ‘கமாண்ட்’, ஜாக்சனின் ‘கமாண்ட்’ என்றே எழுதினார்கள்.) எழுத்தர்கள் மூலத்தை உத்தரவுப் பதிவேட்டில் ஏற்றிவிட்டு, யார் யாருக்குப் போக வேண்டுமோ அத்தனை பிரதிகளைக் கையால் எழுதுவார்கள். கார்பன் தாள் புழக்கம் இல்லை. பிரதியைக் குதிரைத் தூதன் கொண்டுபோவான். வாங்கிக்கொண்டவர் உறையில் கையெழுத்திட்டு அதையே ரசீதாகத் திருப்பி அனுப்புவது முறை. வாங்கிய டிவிஷன் அதிகாரி அதை அப்படியே கீழே தள்ளிவிட முடியாது. மேலிருந்து வந்தது “ஜாக்சன் முன்னணி” என்று மட்டும் சொல்லும். எந்த பிரிகேடு முதலில், எந்த பீரங்கி அணி எதன் பின்னால், எந்த வண்டி எங்கே என்பதை ஒவ்வொரு படியிலும் அந்தந்தத் தலைமை தன் சொந்த உத்தரவாக எழுதியாக வேண்டும். ஒரு படிக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி என்று வைத்தாலே மேலிருந்து கீழே வர நான்கைந்து மணி நேரம். இரவாக இருந்து, தூதனுக்கு முகாம் இடம் தெரியாமல் போனால் இன்னும் கூடும். கடைசிப் படியில் காகிதமே கிடையாது. சார்ஜென்ட் வாயால் சொல்வான், மீதியை முரசு சொல்லும். ‘ஜெனரல்’ என்ற முரசடி கேட்டால் கூடாரத்தைப் பிரி, கிளம்பத் தயாராகு என்று பொருள். அடுத்து ‘அசெம்பிளி’ அடித்தால் வரிசைக்கு வா.

இதற்கிடையில் சமையல் நடக்க வேண்டும். “மூன்று நாள் சமைத்த உணவு தோள்பையில், ஒருவனுக்கு 60 தோட்டா” என்பது போருக்குப் போகும் உத்தரவுகளில் அடிக்கடி வரும் வாசகம். பெட்டியில் 40 தோட்டாதான் கொள்ளும், மீதி 20 சட்டைப்பையில். கெட்டி பிஸ்கட் ஒரு நாளைக்கு ஒன்பது பத்து வீதம் எண்ணிக் கொடுக்க வேண்டும். இறைச்சி பீப்பாயில் வந்த உப்புப் பன்றியாக இருந்தால் பரவாயில்லை. படையோடு ஓட்டிவரும் மாடாக இருந்தால் அறுத்து, பங்கிட்டு, வேகவைக்க அந்த இரவே போய்விடும். “விடியற்காலை புறப்படு” என்ற உத்தரவு இரவு பத்து மணிக்கு ரெஜிமென்ட்டுக்கு வந்தால் அன்று யாருக்கும் தூக்கம் இல்லை. தூங்காதவன் மறுநாள் மதியம் சாலையோரத்தில் உட்கார்ந்துவிடுவான். பின்தங்கியவர்கள் கணக்கு பல நேரம் இப்படித்தான் முந்தைய இரவே தொடங்குகிறது.

இனி சாலைக் கணக்கு. இது கொஞ்சம் எண்ணாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். மெக்லெலன் விவகாரத்தின் பாதி விடை இதில்தான். காலாட்படை நால்வர் நால்வராக நடக்கும். பயிற்சிக் கையேட்டின்படி ஒரு அடி 28 அங்குலம், துரித நடை நிமிடத்துக்கு 110 அடி. பெருக்கினால் மணிக்கு ஏறத்தாழ 4.7 கிலோமீட்டர். மணிக்கு பத்து நிமிடம் ஓய்வு விட்டால் 4 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 1,000 பேர் நால்வர் வரிசையில் நெருக்கமாக நின்றால் 300 மீட்டர் நீளம். நடக்கத் தொடங்கியதும் இடைவெளி விழும். 400, 450 மீட்டர் ஆகிவிடும். ஆறு பீரங்கி கொண்ட ஓர் அணியில் பீரங்கி, வெடிமருந்து வண்டி, கொல்லன் வண்டி எல்லாம் சேர்த்து 14 வண்டிகள் வரும், பெரும்பாலும் ஆறு குதிரை பூட்டியவை. அது 200 மீட்டருக்குக் குறையாது. அப்படிப் பத்து அணி என்றால் 2 கிலோமீட்டர். ஆறு கோவேறு கழுதை பூட்டிய சரக்கு வண்டிக்கு இடைவெளியோடு 15 மீட்டர். அந்த ஆண்டு வடக்குப் படையில் ஆயிரம் பேருக்கு 25 முதல் 30 வண்டி ஓடியது. ஆக 14,000 பேர் கொண்ட ஒரு கோர் என்றால் ஆள் 6 கிலோமீட்டர், பீரங்கி 2 கிலோமீட்டர், வண்டி 6 கிலோமீட்டர். கூட்டினால் 14. ஃபிரெடெரிக்கிலிருந்து அடுத்த ஊரான மிடில்டவுன் 13 கிலோமீட்டர். அதாவது ஒரே ஒரு கோரின் முதல் சிப்பாய் மிடில்டவுனில் நுழையும்போது கடைசி வண்டி இன்னும் ஃபிரெடெரிக்கை விட்டுக் கிளம்பியிருக்காது.

வண்டிகளை ஒதுக்கிவிட்டு ஆளையும் பீரங்கியையும் மட்டும் விட்டாலும் ஒரு கோர் ஒரு முனையைக் கடக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரே சாலையில் மூன்று கோர் போக வேண்டுமென்றால் முதல் கோர் காலை ஆறுக்குக் கிளம்பினால் மூன்றாவது கோருக்குப் பாதை கிடைக்கும்போது பத்தைத் தாண்டிவிடும், அதுவும் எதுவும் கெட்டுப்போகாமல் இருந்தால். கெட்டுப்போகாமல் இருக்காது. ஒரு வண்டியின் அச்சு முறியும். ஓடையைக் கடக்கையில் நனையாமல் போகக் கல்லுக்குக் கல் தாவுவார்கள், ஆளுக்கு இரண்டு நொடி தாமதம். ஆயிரம் பேர் என்றால் பின்னால் இருப்பவன் அரை மணி நேரம் நின்றுவிட்டு, பிறகு இடைவெளியை மூட ஓட வேண்டியிருக்கும். நெடுவரிசையின் வாலில் நடப்பது தலையில் நடப்பதைவிட இரண்டு மடங்கு களைப்பு என்று அந்தச் சிப்பாய்கள் அலுத்துக்கொண்டது சும்மா இல்லை. அதனால்தான் எந்த டிவிஷன் முன்னால் போவது என்பதை நாள்தோறும் சுழற்றினார்கள்.

இப்போது செப்டம்பர் 13. அன்று காலை ஃபிரெடெரிக்குக்கு வெளியே ஒரு புல்வெளியில், தெற்குப் படை முன்பு முகாமிட்டிருந்த பகுதியில், 27ஆம் இந்தியானா ரெஜிமென்ட்டின் கார்ப்பரல் பார்ட்டன் மிட்செல் ஓர் உறையைக் கண்டெடுக்கிறார். சார்ஜென்ட் ப்ளாஸ், கேப்டன் காப், கர்னல் கோல்குரோவ் என்று ஏறி, அப்போது 12ஆம் கோரைப் பொறுப்பில் வைத்திருந்த ஆல்ஃபியஸ் வில்லியம்ஸிடம் போகிறது. அவருடைய உதவியாளர் பிட்மன், சில்டனின் கையெழுத்து தனக்குத் தெரியும் என்று சொல்ல, மெக்லெலனிடம் போய்ச் சேர்கிறது. இதுவரை ஐயம் இல்லை.

தொலைத்தது யார் என்பதில்தான் ஐயம். டி.எச். ஹில்லுக்கு இரண்டு வழியாகப் பிரதி போனது. ஹில் தன் கீழ் இருப்பதாக ஜாக்சன் எண்ணி, தன் கையாலேயே ஒரு பிரதி எழுதி அனுப்பினார். ஹில் அதைக் கடைசிவரை பத்திரமாக வைத்திருந்தார். ஹில் தனித்து இயங்குபவர் என்று எண்ணி லீயின் தலைமையகமும் நேரடியாக ஒன்று அனுப்பியது. தொலைந்தது இது. தனக்கு அது வரவே இல்லை என்று ஹில் சாகும்வரை சாதித்தார். ஜாக்சனின் பிரதி அவர் கையில் இருந்ததால், தலைமையகப் பிரதி வரவில்லையே என்று தேட அவருக்குக் காரணமும் இல்லை. உறை ரசீதாகத் திரும்பாததைத் தலைமையகம் ஏன் கவனிக்கவில்லை என்பதற்கு சில்டனால் பின்னாளில் தெளிவாகப் பதில் சொல்ல முடியவில்லை. தூதனைத் துரோகி என்பவர்கள் உண்டு. அதற்கு ஆதாரம் கிடையாது. என் கணிப்பு, அதிகார வரிசை தெளிவாக இல்லாததுதான் வினை. ஒரே ஆளுக்கு இரண்டு வழியில் உத்தரவு போனால் எந்த வழிக்கும் யாரும் முழுப் பொறுப்பேற்பதில்லை. மற்றவர்கள் கவனமாகவே இருந்திருக்கிறார்கள். தன் பிரதியைச் சட்டைக்குள் ஊசியால் குத்தி வைத்ததாக வாக்கர் பின்னாளில் எழுதினார். லாங்ஸ்ட்ரீட் மனப்பாடம் செய்துவிட்டுத் தாளைப் புகையிலைபோல மென்றுவிட்டதாகவும் அவர்தான் எழுதினார். சற்று மசாலா சேர்ந்திருக்கலாம்.

மெக்லெலன் கைக்கு எத்தனை மணிக்கு வந்தது? 18 மணி நேரக் குற்றச்சாட்டு முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது. அவர் லிங்கனுக்கு அனுப்பிய தந்தியில் “12 எம்” என்று இருப்பதைப் பலகாலம் நண்பகல் என்றே படித்தார்கள். அந்தக் காலக் குறிப்பில் எம் என்றால் உச்சிப்பொழுது. பெறப்பட்ட பிரதியில் “நள்ளிரவு” என்று முழுச் சொல்லாகவே இருப்பதைப் பிறகு எடுத்துக்காட்டினார்கள். இரவு 11 மணிக்கு வாஷிங்டனில் இருந்த தலைமைத் தளபதி ஹாலெக்குக்கு அனுப்பிய தந்தியிலோ உத்தரவு “இன்று மாலை” கிடைத்ததாக எழுதுகிறார். அந்தக் கால அமெரிக்க வழக்கில் மாலை என்பது நண்பகல் தாண்டிய எந்த நேரத்துக்கும் பொருந்தும். எப்படிப் பார்த்தாலும் பிற்பகல் 3 மணிக்கு முன்பே தாள் அவரிடம் இருந்தது உறுதி. ஏனென்றால் 3 மணிக்குக் குதிரைப்படைத் தலைவர் ப்ளெசன்டனுக்குப் பிரதி அனுப்பி, எதிரி இந்த உத்தரவுப்படிதான் நடந்தானா என்று சரிபார்க்கச் சொல்கிறார். ஆக 18 மணி என்பது நண்பகலிலிருந்து மறுநாள் விடியல் வரை எண்ணிய கணக்கு. 15 மணி என்று சொன்னால் வம்பு குறையும்.

அந்த 15 மணியில் “சும்மா” இருந்தாரா? முழுக்க இல்லை. தேசியச் சாலையில் 9ஆம் கோர் அன்றே மிடில்டவுன் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. மறுநாள் காலை 9 மணிக்கு அதன் காக்ஸ் டிவிஷன் மிடில்டவுனுக்கு அப்பால் மலைத்தொடரில் உள்ள ஃபாக்ஸ் கணவாயில் சண்டையைத் தொடங்கிவிட்டது. ஹூக்கரின் 1ஆம் கோர் மொனாக்கசி ஆற்றங்கரை முகாமிலிருந்து விடியலில் கிளம்பி, மிடில்டவுனைத் தொட்டபோது நண்பகல் தாண்டிவிட்டது. டர்னர் கணவாயில் அது முழு வீச்சில் தாக்கியபோது மாலை நான்கு மணி வாக்கில். மேலே சொன்ன சாலைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், இதில் பெரிய சோம்பல் எதுவும் தெரியாது. அந்தச் சாலையில் 13ஆம் தேதி இரவே இன்னொரு கோரைத் திணித்திருந்தால் இருட்டில் மலைச்சாலையில் வண்டியும் ஆளும் சிக்கிக்கொண்டிருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

ஆனால் தெற்கே இன்னொரு சாலை காலியாக இருந்தது. மெக்லெலன்மீது குற்றம் நிற்குமென்றால் இங்கேதான் நிற்கும். ஃபிராங்க்ளினின் 6ஆம் கோர் பக்கிஸ்டவுன் அருகே இருந்தது. கிராம்ப்டன் கணவாய்க்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். அந்தக் கணவாயைத் தாண்டினால் மெக்லாஸின் முதுகு, அதற்கு அப்பால் முற்றுகையில் இருக்கும் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி. முன்னால் வேறு கோர் எதுவும் இல்லை. பிற்பகல் 3 மணிக்கு உத்தரவு போயிருந்தால் இருட்டுவதற்குள் பாதித் தூரம் போய், மறுநாள் காலையிலேயே கணவாயை முட்டியிருக்கலாம். மெக்லெலன் ஃபிராங்க்ளினுக்கு எழுதியது மாலை 6.20க்கு. எழுதியதும் “விடியலில் கிளம்பு” என்றுதான். எதிரியை இரண்டாக வெட்டித் தனித்தனியாக அடிப்பதே என் எண்ணம், உங்கள் அறிவு முழுவதையும் ஒரு தளபதியால் முடிந்த மிக உயர்ந்த சுறுசுறுப்பையும் இப்போது கேட்கிறேன் என்று முடிக்கிறார். வாசகம் அபாரம்! ஆனால் பத்து மணி நேரத்தை எழுதும்போதே கொடுத்துவிட்டு அவசரத்தைக் கேட்பது என்ன நியாயம்? ஃபிராங்க்ளினும் தன் பங்குக்கு மறுநாள் மாலைதான் முழுதாகத் தாக்கினார். எதிரில் இருந்தவர்கள் அவருடைய 12,000 பேருக்கு மிகச் சிறு பங்கு. அந்தி சாயும் முன் கணவாய் விழுந்தது, அவரும் அங்கேயே நின்றுவிட்டார். மறுநாள் 15ஆம் தேதி காலை ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி சரணடைந்தது. 12,000க்கும் மேற்பட்டவர்கள் கைதி, 73 பீரங்கி.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம், பலரும் இதைத் தவறவிடுகிறார்கள். கண்டெடுத்த தாள் நான்கு நாள் பழையது. உத்தரவு சொல்வது என்ன நடக்க வேண்டும் என்பதைத்தான், என்ன நடந்துவிட்டது என்பதை அல்ல. வெள்ளிக்கிழமைக் கெடுவை மனதில் வைக்கச் சொன்னேனே, அது எப்போதோ தப்பிவிட்டது. ஜாக்சன் உத்தரவில் சொன்ன ஷார்ப்ஸ்பர்க் வழியை விட்டுவிட்டு வில்லியம்ஸ்போர்ட் வழியாகச் சுற்றினார்; மார்ட்டின்ஸ்பர்க்கை 12ஆம் தேதி எடுத்து, 13ஆம் தேதி முற்பகலில்தான் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியின் எதிர்மேட்டுக்கு வந்தார். மூன்றரை நாளில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். நடை வேகத்தில் குறை இல்லை, தூரம் கூடிப்போனது. மொனாக்கசி முகத்துவாரத்தில் கால்வாய்க் கல்பாலத்தை உடைக்கப்போன வாக்கருக்கு அந்தக் கட்டுமானம் அசைந்துகூடக் கொடுக்கவில்லை. லாங்ஸ்ட்ரீட்டையோ லீயே பூன்ஸ்பரோவிலிருந்து 20 கிலோமீட்டர் தள்ளி ஹேகர்ஸ்டவுனுக்கு நகர்த்திவிட்டார். தாளில் அது இல்லை. தாளைப் படித்த மெக்லெலனுக்கு மலைக்குப் பின்னால் பூன்ஸ்பரோவில் லாங்ஸ்ட்ரீட்டும் ஹில்லும் சேர்ந்து நிற்பதாகத் தெரிந்தது. உண்மையில் அங்கே நின்றது ஹில்லின் ஒரு டிவிஷன் மட்டும். தாளில் இன்னொன்றும் இல்லை: ஆள் எண்ணிக்கை. லீயிடம் 1,20,000 பேர் இருப்பதாக ஏற்கெனவே நம்பியிருந்தவர், ‘கமாண்ட்’ என்ற சொல்லைப் படித்ததும் அதைப் பெரிய படையாகவே எடுத்துக்கொண்டார். நான்கு நாள் கழித்து ஆன்டீட்டம் போரில் லீ களமிறக்கியது 40,000க்கும் குறைவு. ஆக கிடைத்த தாள் ஒரு பக்கம் லீயின் படை பிரிந்திருப்பதைக் காட்டியது, மறுபக்கம் டர்னர் கணவாயில் எதிரியை இருந்ததைவிடப் பெரிதாகக் காட்டியது. மெக்லெலனின் தயக்கத்தில் ஒரு பங்கு அந்தத் தாளே கொடுத்தது என்பது என் கருத்து. இதை மறுப்பவர்களும் இருக்கிறார்கள்.

அப்படியென்றால் வேகமாகக் கிளம்பவே முடியாதா என்று கேட்கலாம். முடியும், படை ஓரிடத்தில் இருந்து, சாலை காலியாக இருந்து, வண்டிகளை விட்டுவிட்டால். ஆன்டீட்டம் போர் நடந்த செப்டம்பர் 17 அன்றே இதற்கு உதாரணம் கிடைக்கிறது. ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியில் கைதிகளைக் கவனித்துக்கொண்டிருந்த ஏ.பி. ஹில்லுக்கு (இவர் வேறு ஹில்) லீயின் அழைப்பு காலை ஆறரை மணிக்கு வந்தது. ஒரு பிரிகேடை மட்டும் கைதிகளுக்குக் காவல் விட்டுவிட்டு ஏழரைக்கு மற்ற ஐந்து பிரிகேடும் சாலையில். ஒரே மணி நேரம்! 27 கிலோமீட்டர் நடந்து, ஆற்றையும் கடந்து, பிற்பகல் மூன்றரை மணி அளவில் லீயின் வலது பக்கம் சரியவிருந்த நேரத்தில் வந்து விழுந்தார்கள். இதற்கு விலை இல்லாமல் இல்லை. வழியெங்கும் ஆட்கள் உதிர்ந்தார்கள். கிளம்பியதில் பெரும் பங்கு உரிய நேரத்துக்கு வந்து சேரவே இல்லை. ஒரு நாள் சண்டைக்கு அது கட்டுபடியாகும். ஒரு வாரப் படைநகர்வை அப்படி நடத்தினால் போய்ச் சேரும்போது கொடி தூக்குபவன்தான் மிஞ்சுவான்.

“ஒரு வரி எழுதினால் போதாதா” என்ற பகுதிக்கு ஒரு வரியால் கெட்ட கதையையே சொல்கிறேன். 1863 செப்டம்பர் 20, சிக்கமாகா போர். வடக்குத் தளபதி ரோஸ்கிரான்ஸுக்கு, ரெனால்ட்ஸ் டிவிஷனுக்குப் பக்கத்தில் வரிசையில் ஓட்டை விழுந்திருப்பதாகத் தகவல் வருகிறது. உண்மையில் அங்கே பிரானன் டிவிஷன் இருந்தது, மரங்களுக்குள் இருந்ததால் தெரியவில்லை. காலை 10.45க்கு வுட் டிவிஷனுக்கு உத்தரவு: கூடிய விரைவில் ரெனால்ட்ஸை ஒட்டி நெருங்கி, அவருக்கு ஆதரவாக நில். வழக்கமாக உத்தரவு எழுதுபவர் படைத்தலைமை அதிகாரி கார்ஃபீல்ட், பின்னாளில் குடியரசுத் தலைவர் ஆனவர். அப்போது அவர் வேறு வேலையில் இருந்ததால் ஃபிராங்க் பாண்ட் என்ற உதவியாளர் எழுதினார். படை மொழியில் “ஒட்டி நெருங்கு” என்றால் வரிசையிலேயே பக்கவாட்டில் நகர்ந்து இடைவெளியை மூடு. “ஆதரவாக நில்” என்றால் அவருக்குப் பின்னால் போய் நில். நடுவில் பிரானன் இருக்கும்போது முதலாவதைச் செய்ய வழியில்லை. வுட் இரண்டாவதைச் செய்தார்: தன் டிவிஷனை வரிசையிலிருந்து உருவிப் பின்பக்கமாக நகர்த்தினார். இல்லாத ஓட்டையை மூடப்போய் உண்மையான ஓட்டை விழுந்தது. சிறிது நேரத்தில் லாங்ஸ்ட்ரீட்டின் எட்டு பிரிகேடுகள் அதே இடத்தில் வந்து புகுந்தன. திட்டமிட்டுப் புகவில்லை, அவர்களுடைய தாக்குதல் நேரம் தற்செயலாக அதுவாக அமைந்தது. வுட் வேண்டுமென்றே எழுத்துக்கு எழுத்து கீழ்ப்படிந்தாரா? அன்று காலை அவர் தளபதியிடம் திட்டு வாங்கியிருந்தார் என்பார்கள். திட்டின் வாசகங்கள் பிற்காலத்தில் ஊதப்பட்டவை என்ற ஐயம் வலுவானது. உத்தரவை வாசித்தபோது கோர் தளபதி மெக்குக் பக்கத்தில் இருந்தார், அவரும் தடுக்கவில்லை. எதிரி நூற்றுக்கணக்கான மீட்டருக்குள் இருக்கும்போது, எழுதியவர் தலைமையகத்தில் இருக்க, “இதன் பொருள் என்ன” என்று கேட்டனுப்பி விடை வரும்வரை காத்திருக்க எத்தனை பேர் துணிவார்கள்?

வாசகம் சரியாக இருந்தும் போகும் வழி தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 1862 நவம்பர். வடக்குத் தளபதி பர்ன்சைடுக்கு ரப்பஹானக் ஆற்றை ஃபிரெடெரிக்ஸ்பர்க்கில் கடக்க மிதவைப் பாலப் படகுகள் தேவைப்பட்டன. படகுகளை வாஷிங்டனுக்கு அனுப்பச் சொல்லும் உத்தரவு நவம்பர் 6 அன்றே எழுதப்பட்டுவிட்டது. தந்தியில் போயிருக்க வேண்டியது தபாலில் போய், பொறியாளர் மேஜர் ஸ்பால்டிங் கையில் சேர்ந்தது 12ஆம் தேதி. பர்ன்சைடின் முன்னணி 17ஆம் தேதியே ஆற்றங்கரைக்கு வந்துவிட்டது; எதிர்க்கரையில் தடுக்க ஆளே இல்லை என்று சொல்லலாம். படகுகள் வர 25 ஆகிவிட்டது. டிசம்பர் 11 அன்று கடந்தபோது எதிரே லீயின் படை மேட்டில் உட்கார்ந்திருந்தது.

இனி இத்தகைய உத்தரவுகளை நீங்களே மூலத்தில் படிக்க முற்பட்டால் (அமெரிக்க அரசு அச்சிட்ட போர் ஆவணத் தொகுதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, மேரிலாண்ட் படையெடுப்பு 19ஆம் தொகுதி), மூன்றைப் பாருங்கள். தேதி பக்கத்தில் மணி இருக்கிறதா என்பது முதலாவது; இல்லாவிட்டால் மற்ற தாள்களோடு ஒப்பிட்டுத்தான் நேரத்தைக் கணிக்க முடியும். எழுதிய மணியும் பெற்ற மணியும் வேறு என்பது அடுத்தது. பெற்ற மணி பெரும்பாலும் பெற்றவரின் அறிக்கையில்தான் இருக்கும், அதுவும் வாரங்கள் கழித்து எழுதியதாக, அவரவர் தோதுக்கு ஏற்ப. மூன்றாவது கடிகாரம். பொது நேரம் என்பதே அமெரிக்காவில் 1883 வரை கிடையாது, ஊருக்கு ஊர் சூரியனைப் பார்த்து வைத்த நேரம். இரண்டு அதிகாரிகளின் அறிக்கையில் இருபது நிமிட வித்தியாசம் இருந்தால் யாரும் பொய் சொல்லவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் யாரோ தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறார்.

சுருட்டு உண்மைதான். உறைக்குள் சுருட்டு இருந்ததாக, கண்டெடுத்தபோது உடனிருந்தவர்களின் சாட்சி இருக்கிறது. இரண்டு என்பாரும் உண்டு, மூன்று என்பாரும் உண்டு, நம் ஊரில் பரவியது மூன்று. மிட்செல் நான்கு நாள் கழித்து ஆன்டீட்டத்தில் காலில் படுகாயம் பட்டு, போர் முடிந்த சில ஆண்டுகளில், 1868இல் இறந்துபோனார். தாள் மட்டும் பத்திரமாக இருக்கிறது, வாஷிங்டன் காங்கிரஸ் நூலகத்தில் மெக்லெலனின் ஆவணங்களோடு. படத்தைத் தேடிப் பார்த்தால் வாசகம் மூன்றாம் பத்தியிலிருந்து தொடங்குவதைக் காணலாம். முதல் இரண்டு பத்திகள் ஹில்லுக்கு வேண்டாதவை என்று எழுத்தர் விட்டுவிட்டார், கோடரிப் பத்தியை விடவில்லை.